தண்டவாளம் இல்லாத தீவில இருந்து ஒரு சண்டை

"தீவாருக்கு என்ன ரெயில் விசர்?"

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதுசில்லை. கம்பஸ் வந்த முதல் வருசத்தில இருந்து கேட்டுக்கொண்டு வாறம். கேட்கிறவையிலயும் பிழை சொல்ல ஏலாது. எழுவைதீவில தண்டவாளம் இல்லை. ஒரு காலமும் இருந்ததில்லை, இனி வரப்போறதும் இல்லை. எங்கட தீவில இருந்து ரெயில் பார்க்கவேணுமெண்டால் முதல்ல படகில ஊர்காவற்றுறை, பிறகு பஸ்ஸில யாழ்ப்பாணம், பிறகுதான் ஸ்ரேசன். கடல் குழம்பினால் அண்டைக்கு ரெயிலும் இல்லை, லெக்சரும் இல்லை.

எண்டாலும் எங்களுக்கு ரெயில் பிடிக்கும். எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை எண்டு தீவகத்தில இருந்து வந்த ஏழெட்டுப் பேர் நாங்கள். லெக்சர் இல்லாத பின்னேரங்களில கோண்டாவில் ஸ்ரேசனில போய் நிப்பம். எந்த எஞ்சின் எந்தப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருது எண்டு பார்ப்பம். வட்ஸ்அப் குழுக்களில படம் போடுவம். இதில வெட்கப்பட ஒண்டும் இல்லை.

இந்தக் கட்டுரை ரெண்டு பக்கத்தோட சண்டை பிடிக்கிறது. ஒண்டு, இது வேலைவெட்டி இல்லாதவையின்ர விளையாட்டு எண்டு சொல்லுற பெரியாக்களோட. அது சின்னச் சண்டை, கெதியா முடிச்சிடலாம். மற்றது, எங்களைப் போல ரெயில் ரசிகர்களோட. அதுதான் பெரிய சண்டை. ஏனெண்டால் எங்கட இந்த ரசனையை ஒரு பெடியங்களின்ர மூடின அறையாக்கி வைச்சிருக்கிறம். வீட்டுச் சனத்தை வெளியில நிப்பாட்டிப்போட்டு எஞ்சின் நம்பரை மட்டும் பாடமாக்கிக்கொண்டு இருக்கிறம். வீட்டுக்குள்ள போகாத ரெயில் ரசனை வடக்கில அரைவாசி ரசனைதான் எண்டுறது எங்கட வாதம்.

சின்னச் சண்டை

தீவாருக்கும் ரெயிலுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்கிறவை எங்கட ஊர்களின்ர பழைய வருமானத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பார்க்கவேணும். புங்குடுதீவாரும் காரைநகராரும் மற்றத் தீவாரும் தெற்கில கடை வைச்சு வாழ்ந்தவை. கொழும்பிலயும் அதுக்கு வெளியில உள்ள சிங்கள ஊர்களிலயும் பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, சுருட்டுக் கடை எண்டு அவையின்ர பேர் இருந்தது. அந்தக் கடைகளுக்கு ஆளும் சாமானும் போய்வந்த வழியில பெரும்பங்கு இந்த இரும்புப் பாதைதான். யாழ்ப்பாணச் சுருட்டும் கருவாடும் பினாட்டும் ரெயிலேறித்தான் தெற்குக்குப் போச்சு. காசோலையும் கடுதாசியும் தபால் வண்டியில திரும்பி வந்தது. தீவில தண்டவாளம் இல்லாமல் இருந்திருக்கலாம். தீவின்ர அடுப்பு எரிஞ்சது தண்டவாளத்தாலயும்தான்.

இன்னும் பின்னுக்குப் போனால் மலாயா. 1885 இல தைப்பிங்கில இருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட மலாயாவின்ர முதல் ரெயில் பாதையில வேலை செய்தது இலங்கையில இருந்து கொண்டுபோன ஆக்கள். அதுக்குப் பிறகு கிளாக்கர், ஸ்ரேசன் மாஸ்ரர் வேலைக்கு யாழ்ப்பாணத்தார் கூட்டம் கூட்டமாக் கப்பலேறினவை. 'மலாயாப் பென்சனியர்' எண்ட சொல்லே எங்கட ஊரில ஒரு வர்க்கத்தின்ர பேர். அந்தப் பென்சன்காசில கட்டின கல்வீடுகள் குடாநாடு முழுக்க நிக்குது. ரெயில் எங்களுக்கு வெளியாள் எண்டு இனி ஆரும் சொல்லவேண்டாம்.

'ரசிகர்' எண்ட சொல் வரமுன்னமே தீவில இந்தப் பழக்கம் இருந்தது எண்டதையும் சொல்லவேணும். நெடுந்தீவுச் சனத்துக்குக் குமுதினிப் படகின்ர சத்தம் தெரியும். எங்கட இறங்குதுறையில நிக்கிற கிழவன்மார் கண்ணால காணமுன்னமே எஞ்சின் சத்தத்தை வைச்சு எந்தப் படகு வருது, ஆர் ஓட்டியாறது எண்டு சொல்லுவினம். எங்கட பாதைக்கு 'எழுதாரகை' எண்டு பேர் வைச்ச படகு வந்தபோது சின்னப்பிள்ளையள் அதின்ர ஒவ்வொரு கதிரையையும் தொட்டுப் பார்த்ததுகள். போக்குவரத்துக் கஷ்டமான இடத்தில வாகனத்தை ஆளை மாதிரிப் பார்ப்பினம். அதுக்கும் கோண்டாவில் ஸ்ரேசனில நாங்கள் நிக்கிறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சின்னச் சண்டை முடிஞ்சுது. இனிப் பெரிசு.

எஞ்சினுக்குப் பேர் தெரியும், ஆளுக்கு?

ரெயில் ரசனையில நல்லது எவ்வளவோ இருக்கு. முதல்ல அதைச் சொல்லிவிடுறம். இங்கிலாந்தில ரெயில் பார்க்கிற பெடியங்களை உலகமே நக்கலடிச்சது. ஆனால் அந்த மாதிரி ஆக்கள்தான் வேல்ஸில மூடப்போன தலிதின் எண்ட சின்ன ரெயில் பாதையைத் தொண்டர்களாச் சேர்ந்து 1951 இல தாங்களே ஓட்டத் தொடங்கினவை. அரசாங்கமும் கம்பனியும் கைவிட்டதைப் பொழுதுபோக்குக்காரர் காப்பாற்றின கதை அது. பொறுமையாப் பார்க்கிறது, குறிச்சு வைக்கிறது, பழைய சாமானை எறியாமல் வைக்கிறது எல்லாம் ஒரு சமூகத்துக்குத் தேவையான குணங்கள்.

ஆனால் இங்க அது எப்பிடி நடக்குது? குழுவுக்கை புதுசா ஒருத்தர் வந்தால் முதல் நடக்கிறது சோதனை. எம்2 க்கும் எம்4 க்கும் சத்தத்தில வித்தியாசம் சொல்லு பார்ப்பம். எஸ்13 எங்க செய்தது? சென்னை, பெரம்பூர் ஐசிஎப் எண்டு சொன்னால் பாஸ். தெரியாட்டி நக்கல் ஸ்ரிக்கர். ஏஎல் முடிச்சு வந்த பிறகும் சோதனை எழுதிற வியாதி எங்களை விடயில்லை. அறிவை ஆளுக்கு ஆள் குடுக்கிறதுக்குப் பதிலா வாசலில காவலுக்கு வைச்சிருக்கிறம்.

அந்த அறிவிலயும் ஒரு ஓட்டை இருக்கு. எம்2 எஞ்சின்களையே எடுப்பம். கொழும்புத் திட்டத்தில கனடா குடுத்தது, 1954 இல வரத் தொடங்கினது, கனேடிய மாகாணங்களின்ர பேர் வைச்சது எண்டது எந்த ரசிகருக்கும் தெரியும். 'ஒன்ராறியோ' எண்டு ஒரு எஞ்சின் இருக்கெண்டு சொல்லேக்கை பெடியங்களின்ர முகம் மலரும். சரி, அந்தப் பேரைக் கேட்டவுடன எங்கட வீடுகளில ஆருக்கு என்ன ஞாபகம் வரும்? தீவகத்தில அரைவாசி வீடுகளில ஒரு மாமாவோ சித்தியோ ஒன்ராறியோவிலதான் இருக்கினம். கனடா முதல்ல எஞ்சினா இஞ்ச வந்தது. பிறகு எங்கட சனம் அகதியா அங்க போச்சு. இந்த ரெண்டையும் ஒரே வசனத்தில வைச்சுப் பார்க்கிற பதிவு ஒண்டையும் ரசிகர் பக்கங்களில நாங்கள் காணயில்லை. குதிரைவலுக் கணக்கு மட்டும் தசம தானத்தோட இருக்கும்.

இன்னொண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில பெரலியவில அடிபட்ட ரெயிலை இழுத்து வந்தது 591 'மனிற்றோபா'. அந்த எஞ்சினைத் திருத்தித் திரும்ப ஓடவிட்ட கதையை ரசிகர் பலமுறை உருகி எழுதுவினம். எழுதட்டும். ஆனால் அந்தப் பெட்டிகளுக்கை ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம் செத்தது. உலகத்தில நடந்த மிக மோசமான ரெயில் அழிவுகளில அது ஒண்டு. அடையாளம் காணாமலே புதைச்ச உடல்கள் எத்தினையோ. எஞ்சினுக்குக் கண்ணீர் விடுகிற கட்டுரை பயணிகளை ஒரு எண்ணாக் கடந்து போனால், அந்த ரசனையில ஏதோ பழுதாகிப் போச்சு எண்டுதான் நாங்கள் சொல்லுவம்.

நடுவில விழுந்த தலைமுறை

வடக்குப் பாதையின்ர கதையைத் தேதியளாச் சொல்லுறது லேசு. 1902 இல காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில ஓடத் தொடங்கினது. 1905 இல கொழும்போட இணைஞ்சது. 1956 ஏப்ரலில யாழ்தேவி வந்தது. 1990 ஜூனில நிண்டது. 2011 இல ஓமந்தை, 2013 இல கிளிநொச்சி, 2014 மார்ச்சில பளை, 2014 ஒக்ரோபர் 13 யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில காங்கேசன்துறை எண்டு துண்டு துண்டாத் திரும்பி வந்தது. ஓமந்தையில இருந்து காங்கேசன்துறை வரைக்கும் 146 கிலோமீற்றர், இந்தியக் கடன்காசில இர்கோன் கம்பனி புதுசாப் போட்டது. இதெல்லாம் எல்லா ரசிகருக்கும் மனப்பாடம்.

ஆனால் அந்த 1990 க்கும் 2014 க்கும் இடையில உள்ள வெற்றிடத்தைப் பாருங்கோ. இருபத்துநாலு வருசம். தண்டவாளத்தைக் கழட்டி பங்கருக்கு வைச்சாச்சு. சிலிப்பர்கட்டையும் போச்சு. ஸ்ரேசன் கட்டடங்களுக்கை ஆலமரம் முளைச்சது, இடம்பெயர்ந்த சனம் இருந்தது. பாதை கிடந்த மேட்டில ஆடு மேய்ஞ்சது. தெற்கில ஒரு பிள்ளை அப்பாவின்ர தோளில இருந்து ரெயில் பார்த்து, பிறகு தன்ர பிள்ளையைத் தூக்கிக் காட்டும். ரசனை அப்பிடித்தான் கைமாறும். வடக்கில அந்தச் சங்கிலி அறுந்து போச்சு.

எங்கட வீடுகளை எடுத்துப் பாருங்கோ. அம்மம்மாவுக்குக் கோச்சி தெரியும். 'ரெயில்' எண்டு சொல்லாமல் 'கோச்சி' எண்டுதான் இண்டைக்கும் சொல்லுறா. நாவற்குழி கழிச்சு உப்பங்காத்து வரும், ஆனையிறவில பெட்டி முழுக்க எழும்பி நிண்டு வெளியைப் பார்க்கும், பொல்காவலையில வடை ஏறும் எண்டு அவவுக்கு ஒரு பாதையே நாக்கிலயும் மூக்கிலயும் இருக்கு. எங்களுக்கும் ரெயில் தெரியும். அது வந்தபோது எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு. ஆனால் அம்மா? 1990 இல அவ சின்னப்பிள்ளை. தீவை விட்டு இடம்பெயர்ந்து, முகாம், திரும்ப இடப்பெயர்வு, கலியாணம், பிள்ளைப்பேறு எல்லாம் முடிஞ்ச பிறகு, முப்பது வயசு தாண்டித்தான் பலபேரின்ர அம்மாமார் முதன்முதல் ரெயிலுக்கை காலடி வைச்சவை. கொழும்புக்கு பாஸ்போட் எடுக்கவோ ஆஸ்பத்திரிக்கோ போன பயணம் அது. யன்னல்கரையில இருந்து பார்த்து ரசிக்கிற பயணமில்லை. பாத்திரத்தையும் பிள்ளையையும் பிடிச்சுக்கொண்டு போனது.

இப்ப சொல்லுங்கோ. இந்த மாதிரி வீட்டில ரெயில் ரசிகராயிருக்கிற பெடியனோ பெட்டையோ என்ன செய்யவேணும்? மேல இருக்கிற தலைமுறையிட்டக் கேட்டு, நடுவில இருக்கிற தலைமுறைக்குக் காட்டவேணும். அம்மம்மாவின்ர கோச்சியையும் எங்கட எஸ்13 ஐயும் அம்மாவின்ர மடியில கொண்டுபோய் ஒட்டவேணும். உலகத்தில எங்கயும் பிள்ளையளுக்கு ரெயில் காட்டுறது பெற்றோரின்ர வேலை. எங்கட ஊரில பெற்றோருக்கு ரெயில் காட்டுறது பிள்ளையளின்ர வேலை. இந்த வேலையைச் செய்ய எங்களைத் தவிர ஆளில்லை. நாங்களோ ஸ்ரேசன் கடைசியில கமராவோட நிண்டு, "அம்மா, வீடியோவுக்கை வாறியள், தள்ளி நில்லுங்கோ" எண்டு சொல்லுற கூட்டத்தைப் பெருக்கிக்கொண்டு இருக்கிறம்.

ஏன் அவசரம் எண்டு கேட்டால், அம்மம்மாமார் போய்க்கொண்டு இருக்கினம். 1956 இல யாழ்தேவியின்ர முதல் வருசத்தில ஏறினவைக்கு இப்ப எண்பது வயசுக்கு மேல. பழைய தடிச்ச மட்டை ரிக்கற் ஒண்டு எந்தப் பெட்டகத்தில கிடக்குது, எந்த ஸ்ரேசனில எந்தக் கடைக்காரன் ஆரெண்டெல்லாம் எழுத்தில இல்லை. எரிஞ்சதும் இடம்பெயர்ந்ததும் போக மிச்சம் இருக்கிறது அவையின்ர வாயிலதான். அந்த வாய் மூடினால் எந்த ஆவணக்காப்பகத்திலயும் போய்த் தேடேலாது.

"ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

எங்களில ரெண்டு பேர் பெட்டையள். ஒரு பெடியன் மேடையில ஒரு மணித்தியாலம் நிண்டால் அவனுக்கு ரெயில் விசர் எண்டு விளங்கிக்கொள்ளுவினம். ஒரு பெட்டை பத்து நிமிசம் நிண்டால் "ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" எண்டு ஒரு கேள்வி வரும். ரிக்கற் எடுத்திருந்தாலும் வரும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு எண்டால் வீட்டுக்குக் கோல் போகும். இதுக்கு ரசிகர் குழுக்களிட்ட இருக்கிற மறுமொழி மௌனம்தான். "பெட்டையளுக்கு இதில விருப்பம் குறைவு" எண்டு சொல்லிப்போட்டுப் போறது அதிலும் கேவலம். நிக்க விடாமல் வைச்சுப்போட்டு விருப்பம் இல்லை எண்டு சொல்லுறது எங்கட சமூகத்தின்ர பழைய தந்திரம்.

ஜப்பானில ரெயில் ரசிகரை வகை பிரிச்சுப் பேர் வைச்சிருக்கினம். படம் எடுக்கிறவை தோரி தெட்சு. ஏறிப் பயணம் போறவை நோரி தெட்சு. சத்தம் பதிவு செய்யிறவை ஓட்டோ தெட்சு. அதோட மாமா தெட்சு எண்டும் ஒரு வகை இருக்கு. அங்க 'மாமா' எண்டால் அம்மா. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரெயில் காட்டப்போய்த் தானும் ரசிகையான தாய்மாருக்கு அந்தப் பேர். ஒரு பொழுதுபோக்கு வீட்டுக்குள்ள போனதுக்கு அடையாளமா ஒரு சொல்லே பிறந்திருக்கு. எங்களிட்ட அப்பிடி ஒரு சொல் இல்லை. அந்தச் சொல்லுக்கு உரிய ஆக்களை நாங்கள் இன்னும் மேடையில ஏத்தயில்லை எண்டதுதான் காரணம்.

சின்னப்பிள்ளையள் எல்லாம் கார்ட்டூனில பார்க்கிற தோமஸ் எஞ்சின் எங்க பிறந்தது தெரியுமோ? சின்னமுத்து வந்து படுத்திருந்த மகன் கிறிஸ்ரோபருக்கு வில்பேட் ஓட்ரி எண்ட பாதிரியார் சொன்ன எஞ்சின் கதைகள்தான் 1945 இல முதல் புத்தகமாச்சு. தோமஸ் வந்தது அதுக்கு அடுத்த புத்தகத்தில. உலகத்தில அதிகம் பேருக்குத் தெரிஞ்ச ரெயில் எஞ்சின் ஒரு நோயாளிப் பிள்ளையின்ர கட்டிலடியில தொடங்கினது. கிளப்பிலயோ போட்டியிலயோ இல்லை. ரெயில் ரசனைக்கு வீடு புதுசு இல்லை எண்டு காட்ட இதைவிட வேற சாட்சி தேவையில்லை.

எதிர்ப்பக்கம் என்ன சொல்லும்?

இதை எழுதப்போறம் எண்டு சொன்னவுடனயே எங்கட சிநேகிதங்கள் ரெண்டு மறுப்புச் சொன்னவை. ரெண்டும் லேசான மறுப்பில்லை.

முதலாவது: "வீட்டில இருந்து தப்புறதுக்குத்தானே பொழுதுபோக்கு. அதிலயும் வீட்டைக் கொண்டுவரச் சொன்னால் எப்பிடி?" விளங்குது. தீவு வீட்டில தனிமை எண்டு ஒண்டு கிடையாது. ஆர் எந்தப் படகில போனது, எந்தப் படகில வந்தது எண்டு ஊருக்கே தெரியும். அதில இருந்து ஒரு மணித்தியாலம் ஆரெண்டு தெரியாத ஆளா மேடையில நிக்கிறது பெரிய சுகம்தான். அந்தச் சுகத்தை விடச் சொல்லி நாங்கள் கேட்கயில்லை. வருசம் முழுக்க நீங்கள் தனியப் போங்கோ. ஆனால் அந்தத் தனிமை ஆருக்குக் கிடைக்குது எண்டதையும் பாருங்கோ. பெடியனுக்குக் கிடைக்குது. அவன் தப்பி வாற நேரத்தில வீட்டில தண்ணி அள்ளிறது ஆர்? தப்பிப் போறதுக்கு ஒரு இடம் அம்மாவுக்கும் வேணும். உங்களுக்குத் தெரிஞ்ச அந்த இடத்துக்கு அவவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டுதான் கேட்கிறம்.

ரெண்டாவது: "ரெயிலுக்கை அரசியலைக் கொண்டு வராதேங்கோ. எங்களுக்கு எஞ்சின் மட்டும் போதும்." இந்த மறுப்பைக் குழுக்களின்ர விதியாவே எழுதி வைச்சிருக்கினம். ஆனால் ரெயில் எப்பவாவது அரசியலுக்கு வெளியில ஓடினதா? 1958 மே மாதம் வவுனியா மாநாட்டுக்குத் தமிழர் போகினம் எண்டு சொல்லி பொலனறுவை ஸ்ரேசனில ரெயிலைத் தாக்கினவை. எண்பதுகளில இதே வடக்குப் பாதையில குண்டு வெடிச்சது, சிப்பாயும் செத்தது, சாதாரண சனமும் செத்தது. பாதையைக் கழட்டி பங்கர் கட்டினது எந்த ஒரு பக்கமும் மட்டும் இல்லை. அதைத் திரும்பப் போட்டதையும் அரசியல்வாதிகள் பரிசு குடுக்கிற மாதிரித்தான் செய்தவை. மலையகத்தில எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில நிண்டு படம் எடுக்கிற ஆயிரக்கணக்கான ஆக்களில எத்தினை பேருக்கு அந்தப் பாதை தேயிலையை இறக்கப் போட்டதெண்டும், அந்தத் தேயிலையைப் பறிச்ச சனம் லயத்திலயே கிடந்ததெண்டும் தெரியும்? சயாம் பர்மா ரெயில் பாதையில 1942, 43 இல மலாயாத் தோட்டங்களில இருந்து கொண்டுபோன பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் செத்ததுகள். எஞ்சின் மட்டும் போதும் எண்டு சொல்லுறதே ஒரு அரசியல்தான். வென்றவை, பணம் உள்ளவை, பாதை திறந்துவைச்சவை சொல்லுற கதையை அப்பிடியே விழுங்குற அரசியல் அது.

புலம்பெயர் பக்கத்தில இருந்து வாற 'யாழ்தேவி ஞாபகங்கள்' வகையறாவோடயும் எங்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கு. யன்னல், காத்து, வடை, காதல் எண்டு எழுதுறது வடிவாத்தான் இருக்கு. ஆனால் சீனி கூடிப்போச்சு. அதே பெட்டியில அடையாள அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு வியர்த்து இருந்த ஆக்களும் எங்கட வீடுகளில இருக்கினம். வீட்டில உக்காந்து கேட்டால் ரெண்டும் ஒண்டா வரும். அம்மம்மா வடையைப் பற்றிச் சொல்லேக்கையே செக்கிங்கையும் சொல்லுவா. வீட்டு ஞாபகம் எதையும் வடிகட்டுறதில்லை. அதாலதான் அது ரசிகர் பக்கங்களைவிட நம்பக்கூடியது.

கடவையில நிக்கிற மனிசன்

வீட்டுக்கும் ரெயிலுக்கும் இன்னொரு சம்பந்தம் இருக்கு. அதைச் சொல்ல மனம் வலிக்கும். பாதை திரும்பி வந்த பிறகு வடக்கில கடவைகளில எத்தினையோ சாவு நடந்திட்டுது. இருபத்துநாலு வருசம் ரெயில் வராத பாதையைக் கடந்து பழகின ஊர்களுக்கை திடீரெண்டு மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில போகக்கூடிய ரெயில் வந்தது. ரெயில் எவ்வளவு தூரத்தில எவ்வளவு கெதியா வரும் எண்ட கண்பழக்கமே அறுந்துபோன சனம். படலையே இல்லாத கடவைகள். படலை உள்ள இடங்களிலயும் பொலிஸ் மூலம் எடுத்த தற்காலிகக் காவலாளிகள் நாளுக்கு 250 ரூபாய்க்குப் பல வருசம் நிண்டவை. நிரந்தரமாக்கச் சொல்லி வீதியில இறங்கிப் போராடினவை. ஒரு தேத்தண்ணியும் பணிசும் வாங்கினால் மிச்சம் என்ன இருக்கும் எண்டு கணக்குப் பாருங்கோ.

அந்த மனிசரின்ர படம் எந்த ரசிகர் பக்கத்தில வந்திருக்கு? ரெயில் கடவையைத் தாண்டுற வீடியோ ஆயிரம் இருக்கு. சட்டகத்தின்ர ஓரத்தில கொடியோட நிக்கிற ஆளை வெட்டிப்போட்டு ஏத்துறம். மிதிபலகையில தொங்கிக்கொண்டு ரிக்ரொக் எடுக்கிற பெடியனுக்கு நெஞ்சு நெஞ்சாப் போடுறம். அவன்ர அம்மா அந்த வீடியோவைப் பார்த்தால் என்ன செய்வா எண்டு ஒருக்கால் யோசியுங்கோ. வீட்டுக்குக் காட்ட ஏலாத வீடியோவை ஊருக்கும் காட்டவேண்டாம். இது ஒழுக்கப் பிரசங்கம் இல்லை. ஒரு நல்ல அளவுகோல்.

ரெயில் எப்ப எங்க எவ்வளவு வேகத்தில வரும் எண்டது ரசிகருக்குத் தெரியிற மாதிரி வேற ஆருக்கும் தெரியாது. அந்த அறிவு முதல்ல போகவேண்டிய இடம் கடவைக்குப் பக்கத்தில குடியிருக்கிற வீடுகளுக்குத்தான். சுன்னாகத்திலயும் இணுவிலிலயும் கொடிகாமத்திலயும் பாதையோரத்தில வீடு உள்ள ரசிகர் இருக்கினம். உங்கட ஒழுங்கையில உள்ள ஆச்சிக்கும் சைக்கிளில பள்ளிக்கூடம் போற பிள்ளையளுக்கும் நேர அட்டவணையைத் தமிழில பெரிய எழுத்தில எழுதி ஒட்டிவிட எவ்வளவு நேரம் போகும்? குழுவில ஒரு எஞ்சினைப் பற்றிச் சண்டை பிடிக்கிற நேரத்தில பாதி.

அப்ப என்ன செய்யிறது?

நாங்கள் கேட்கிறது பெரிய காசுச் செலவில்லை.

ஒண்டு. அம்மம்மா, அப்பப்பா, பக்கத்து வீட்டுப் பென்சன்காரர் ஆரெண்டாலும், அவையின்ர கோச்சிக் கதையை ஃபோனில பதிவு செய்யுங்கோ. எந்த வருசம், எந்த ஸ்ரேசன், ஆரோட போனது, எவ்வளவு காசு, என்ன சாப்பிட்டது, எங்க பயந்தது எண்டு கேளுங்கோ. எஞ்சின் நம்பரைக் கேளாதேங்கோ. அது அவைக்குத் தெரியாது, தேவையும் இல்லை. அவையின்ர சம்மதத்தோட தேதி போட்டுச் சேமியுங்கோ.

ரெண்டு. வருசத்தில ஒருநாள் அம்மாவை, வேலை ஒண்டும் இல்லாத ஒரு பயணம் கூட்டிக்கொண்டு போங்கோ. யாழ்ப்பாணத்தில இருந்து காங்கேசன்துறைக்கு மூண்டாம் வகுப்புப் போதும். சாப்பாட்டுப் பெட்டியை நீங்கள் தூக்குங்கோ. யன்னல்கரையை அவவுக்குக் குடுங்கோ. கமராவை வைக்கவேண்டிய இடத்தில வையுங்கோ.

மூண்டு. குழுக்களில வாசல் சோதனையை நிப்பாட்டுங்கோ. பெட்டையள் மேடையில நிக்கேக்கை கேள்வி கேட்கிற ஆளுக்குப் பதில் சொல்லுறது அந்தப் பெட்டையின்ர வேலை மட்டும் இல்லை. பக்கத்தில நிக்கிற ரசிகரின்ர வேலையும்தான்.

நாலு. இது எங்கட தீவாருக்கு. படகையும் எழுதுங்கோ. எழுவைதீவுக்கு எப்ப எந்தப் படகு ஓடினது, ஆர் ஓட்டினது, எந்தப் புயலில எத்தினை நாள் நிண்டது எண்டு ஒரு கொப்பி தொடங்குங்கோ. தண்டவாளம் உள்ள ஊர்க்காரர் எங்களுக்கு ரெயில் பார்க்கப் பழக்கினவை. ஒரு வாகனத்துக்காகக் காத்திருக்கிற சனத்தை எப்பிடிப் பார்க்கிறது எண்டு நாங்கள் அவைக்குப் பழக்கலாம். அதில தீவாரைவிட அனுபவசாலிகள் இந்த நாட்டில குறைவு.

இதுக்கெல்லாம் எதிர்ப்பு வரும் எண்டு தெரியும். "எங்கட குழு சும்மா பொழுதுபோக்குக்கு, சமூகசேவைக்கு இல்லை" எண்டு சொல்லுவினம். சரி, பொழுதுபோக்குத்தான். ஆனால் ஆரின்ர பொழுது எண்டு கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கு. இருபத்துநாலு வருசம் இந்தப் பாதையில ரெயில் ஓடாமல் போனபோது ஒரு முழுத் தலைமுறையின்ர பொழுது போச்சு. அவை எங்கட வீட்டிலதான் இருக்கினம். குசினியிலயும் வலைக்கரையிலயும் நிக்கினம். இண்டைக்குப் பின்னேரம் ஃபோனில இருக்கிற ரெயில் வீடியோவை முதல்ல அவையிட்டக் காட்டுங்கோ. குழுவில பிறகு போடலாம்.